பார்ட்னர்... கீழே பார்!

டெலிபோன் அலறியது.

மாப்பிள்ளை உடனே எடுக்கவில்லை.

இரண்டு முறை அலற விட்டான். மூன்றாவது முறைக்குத்தான் கையை நீட்டினான். பாய்ந்து எடுத்தால் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்குமே!

காத்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஹலோ... லிஃப்ட் சர்வீஸ்..."

"சார்... வாட்ச்மேன் பேசறேன் சார்... பழைய ஆபீஸ் பில்டிங் வாட்ச்மேன்... சீக்கிரம் வாங்க சார்!"

"ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது? லிஃப்ட் நின்னுடுச்சா?"

"லிஃப்ட் இல்ல சார்... மச்சான் சார்! சாப்பிடக் கூப்பிடலாம்னு ஃபோன் அடிச்சேன்... ஃபோன் லிஃப்ட் குழிக்குள்ள அடிக்குது சார்! எட்டிப் பாத்தா... அசைவே இல்ல சார்..."

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தான். கடையில் வேறு யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஐயோ! என்னய்யா சொல்றே? இதோ வர்றேன்!"

குரல் நன்றாகவே வந்தது. கொஞ்சம் நடுங்கக்கூட செய்தது.

அந்த நடுக்கம் மட்டும் நடிப்பில்லை.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கடையின் முதலாளி அவனுடைய மனைவியின் அண்ணன். அவர் இவனை 'மாப்ள' என்றார். இவன் அவரை 'மச்சான்' என்றான். வாடிக்கையாளர், வாட்ச்மேன், ஆடிட்டர் வரை எல்லோருக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

மச்சான் லிஃப்ட் மேல் ஏறுவார், குழிக்குள் இறங்குவார், கிரீஸும் கையுமாகத் திரிவார். மாப்பிள்ளை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஃபோன் பேசுவான். வருகிறதில் ஆளுக்குப் பாதி. வெளியே தொங்கிய போர்டில் இரண்டு பேருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தது.

பார்ட்னர்கள்!

இனிமேல் இல்லை.

அன்று காலை நடந்தது இதுதான்.

அந்தப் பழைய ஆபீஸ் கட்டடத்தில் குடியிருந்த கம்பெனிகளெல்லாம் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. மராமத்து வேலை. முன்வாசலில் வாட்ச்மேன். பின்பக்கம் கார்கள் இறங்கும் சரிவு, அதை ஒட்டி ஒரு படிக்கட்டு. யாரும் பார்க்காமல் ஏறி வர அது போதும்.

ஐந்தாவது மாடி.

லிஃப்ட்டை உச்சி மாடியில் நிறுத்திவிட்டு, வெளிக் கதவைத் திறந்து, குழிக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் மச்சான். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் ரகம். ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்தபடி, மறு கையில் ஸ்பேனரோடு அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவரின் முகம் மலர்ந்தது.

"அட, வா மாப்ள! அதிசயமா இருக்கே, நீ மாடி ஏறி வந்திருக்கே! நல்ல நேரத்துல வந்தே. இந்தக் கதவைக் கொஞ்சம் பிடி."

மாப்பிள்ளை பிடித்தான். இடது கையால்.

வலது கை சும்மா இருந்தது.

"சேஃப்டி பெல்ட் போடலையா மச்சான்?"

"அதைப் போட்டுக்கிட்டு குனிய முடியல. தொப்பை வந்துடுச்சுடா! அடுத்த மாசத்துலேருந்து நான் நாற்காலில உக்காந்துக்கறேன், நீ ஏறு..."

சிரித்தார். குனிந்தார்.

வலது கை அவருடைய முதுகில் பட்டது.

ஒரே ஒரு தள்ளு!

"மாப்ளே...!"

அந்தக் குரல் ஐந்து மாடியும் இறங்கிப் போயிற்று. பிறகு ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கையை எடுத்ததும் கதவு மெதுவாக, ரொம்ப மரியாதையாக மூடிக்கொண்டது.

* * *

லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் விழுவது புதிதில்லை. இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். ஐந்து மாடி ஏறி இறங்கியதில் அவருக்குச் சட்டை முழுக்க வியர்வை.

"லிஃப்ட் இருக்கிற பில்டிங்ல என்னைப் படியேற வெச்சுட்டாரே உங்க மச்சான்... பெல்ட் பையிலேயே இருக்கு. போடவே மாட்டாரா?"

"ஆயிரம் தடவை சொல்லியாச்சு சார். காதுலயே வாங்கமாட்டார்."

"கதவு மூடியிருந்துச்சு?"

"அது தானா மூடிக்கும் சார். ஸ்பிரிங் இருக்கு."

"ஓஹோ... நீங்க காலைலேருந்து எங்க இருந்தீங்க?"

"கடைலதான் சார். ஃபோன் பாத்துக்கணுமே... நகரவே இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கீழே போர்த்தி வைத்திருந்த உடலைப் பார்க்காமல் இருக்க மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். சுவரில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சுரண்டி எடுத்த தழும்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தா விபத்து மாதிரிதான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பாடா!

அந்த 'அப்பாடா' அவசரக்காரனின் வாயைக் கிளறிவிட்டது.

"சார்... டெத் சர்டிஃபிகேட் எப்போ கிடைக்கும்?"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"எதுக்கு?"

"இல்ல சார்... ஆபீஸ் வேலைக்கு... ஃபர்ம் விஷயமா..."

"முதல்ல அழுது முடிங்க மாப்பிள்ளை. சர்டிஃபிகேட் எங்கயும் ஓடிப் போயிடாது."

* * *

ஒரு மனிதன், தனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவனை எதற்குக் குழியில் தள்ளுவான்?

வீட்டுக்காக!

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. தண்ணீருக்குச் சண்டை, ஆணி அடித்தால் சண்டை, விருந்தாளி வந்தால் சண்டை. ஒருவழியாக இப்போதுதான் சொந்த வீடு கட்டிக் குடி வந்திருந்தான். மாடிப்படிக்குக் கைப்பிடி இன்னும் போடவில்லை. சமையலறைச் சுவருக்கு மட்டும் மனைவி ஆசைப்பட்ட பச்சை டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. ராத்திரி எழுந்து போய் அந்த டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுப்பான். கேட்டால் தண்ணீர் குடிக்கப் போனேன் என்பான்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஒன்று விழுந்தது.

மச்சானின் கடை பராமரித்த லிஃப்ட். பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த பாட்டு டீச்சர் பிழைக்கவில்லை. டீச்சரின் குடும்பம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது.

இது தன் தலையிலும் விழுமா என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? ஆடிட்டரிடம் கேட்டால் மச்சானிடம் சொல்லிவிடுவார். ஆகவே வீட்டுத் தரகரைப் பிடித்தான். மனை வாங்கிக் கொடுத்த அதே தரகர். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லுவார்.

"தொழில்னா மூணு ஜாதி மாப்பிள்ளை. ஒண்ணு, தனி முதலாளி. கட்டை பிரம்மச்சாரி மாதிரி! லாபம் வந்தாலும் அவனுக்கு, நஷ்டம் வந்தாலும் அவனுக்கு. கடை வேற அவன் வேற கிடையாது. கடைக்கு வந்த வினை அவன் கட்டில் வரைக்கும் வரும்."

"ரெண்டாவது?"

"பார்ட்னர்ஷிப். அது கல்யாணம்! அவன் செஞ்சதுக்கு நீங்க மாட்டுவீங்க, நீங்க செஞ்சதுக்கு அவன் மாட்டுவான். தூங்கிட்டிருந்தேன்னு சொன்னாக்கூட விடமாட்டாங்க. ஃபர்ம்ல ஒண்ணும் தேறலைன்னா நேரா வீட்டுக்கு வருவாங்க."

"வீட்டுக்குன்னா?"

"வீட்டுக்குன்னா வீட்டுக்குத்தான்! இப்ப புதுசா கட்டியிருக்கீங்களே... அதுக்குத்தான்!"



"மூணாவது... மூணாவது என்ன?"

"கம்பெனி. அது சட்டத்துக்குத் தனி ஆளு. கையும் காலும் கிடையாது, ஆனா ஆளு! கம்பெனி பட்ட நஷ்டம் கம்பெனியோட போச்சு. அதுல நீங்க போட்ட முதல் போகும், அவ்வளவுதான். உங்க வீட்டு வாசல்படியைத் தொட முடியாது. ஆனா நீங்கதான் கம்பெனி இல்லையே!"

"ஏங்க... ரெண்டே பேர் இருக்கிற ஃபர்ம்ல... ஒருத்தர் போயிட்டா?"

"எங்க போயிட்டா?"

"மேல போயிட்டா..."

"ஃபர்ம் அன்னிக்கே கலைஞ்சு போச்சு! ஒத்தை ஆளை வெச்சுக்கிட்டு என்ன கல்யாணம்?"

"அப்போ கேஸ்?"

"இல்லாத ஃபர்ம் மேல கேஸ் எப்படிங்க நிக்கும்?"

சொல்லிவிட்டுத் தரகர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வேறு எங்கோ ஒரு மனை காட்ட வேண்டியிருந்தது.

பாவி! அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுப் போனான்.

* * *

வீட்டில் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

"ஏங்க..."

"ம்."

"அண்ணன் விழறப்போ கத்தியிருப்பாரா?"



"எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கூப்பிட்டிருப்பாரோன்னு தோணுதுங்க. சின்ன வயசுல கிணத்துல விழுந்தப்பக்கூட என் பேரைத்தான் கூப்பிட்டார்."

உன்னை இல்லை, என்னைத்தான் கூப்பிட்டார் என்று அவன் சொல்ல முடியுமா?  

"போன வாரம் வந்திருந்தார். இந்த டைல்ஸைப் பாத்துட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். 'கேஸ் அது இதுன்னு உன் புருஷன் மிரண்டு போயிருக்கான் பாப்பா. வீட்டுக்கு ஒண்ணும் வராது, அதுக்குத்தான் நான் இருக்கேன்'னார்."

"எப்படி வராதாம்?"

"கேட்டேன். சிரிச்சார். 'அதெல்லாம் அண்ணன் எப்பவோ பாத்துட்டேன்'னார். இப்ப யாருங்க பாப்பாங்க?"

"நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்க..." என்றாள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு இந்த வீடே வேண்டாங்க. பழையபடி வாடகைக்கே போயிடலாம். இங்க எங்க பாத்தாலும் அண்ணன் நிக்கிற மாதிரியே இருக்கு."

அவனுக்கு வெறியே வந்தது. யாருக்காக இதெல்லாம்? யாருடைய பச்சை டைல்ஸுக்காக? வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயந்து எழுந்து போனான்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. டைல்ஸைத் தொடப் போகவும் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

* * *

ஆடிட்டர் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார்.

மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற அம்மாள். பேச்சு மட்டும் கத்தி.

"உக்காருங்க மாப்பிள்ளை சார். இந்த நேரத்துல கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. மச்சான் சார் போனதுல எனக்கே கை ஓடல."

"பரவால்ல மேடம்... ஒண்ணு கேக்கணும். ரெண்டு பார்ட்னர்ல ஒருத்தர் இறந்துட்டா ஃபர்ம் கலைஞ்சுடுமாமே?"

"கலைஞ்சுடும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். தரகர் வாழ்க!

"அப்போ அந்த டீச்சர் கேஸும்..."

"கேஸ் எப்படிக் கலையும்?"

"ஃபர்மே இல்லையே மேடம்!"

"ஃபர்ம் இருந்தப்போ நடந்ததுக்கு, அப்ப இருந்த பார்ட்னர்ங்கதானே பொறுப்பு? ஒருத்தர் போயிட்டார்னா பொறுப்பும் கூடவே போயிடுமா? மிச்சம் இருக்கிறவர் தலைல மொத்தமும் விழும். பாதி இல்ல சார், மொத்தம்! மச்சான் சாருக்கு என்ன சொத்து? ஒரு ஸ்பேனர் பை. உங்களுக்குத்தான் வீடு இருக்கு."

மாப்பிள்ளையின் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம்.

"யார்... யார் சொன்னது அப்படி?"

"சட்டம் சொல்லுது. ஏன், உங்களுக்கு வேற யாராவது வேற மாதிரி சொன்னாங்களா?"

 மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கொன்றது வீண்! வீண் என்றால் வெறும் வீணா? பாதிப் பாரத்தைத் தூக்க இருந்த ஒரே ஆளைத் தன் கையாலேயே குழியில் போட்டிருக்கிறான்!

அழுகை வந்தது. மச்சான் செத்த பிறகு அவனுக்கு வந்த முதல் நிஜ அழுகை.

"அழாதீங்க சார். ஒரு வழி இருக்கு... இருக்குன்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம்."

"சொல்லுங்க மேடம்! எதுவானாலும் செய்யறேன்!"

"மச்சான் சார் சும்மா இருக்கல. கடையை கம்பெனியா மாத்த ஏற்பாடு செஞ்சார். டீச்சர் வீட்டுக்காரங்களோட பேசி, கம்பெனி மேல மட்டும் கேஸ் நடத்தறதுக்கு, உங்க வீட்டைத் தொடாம இருக்கறதுக்கு ஒத்துக்க வெச்சார். கம்பெனி பதிவாகறதா இருந்தது... அவர் இறந்த அன்னிக்கு. பதினொரு மணிக்கு."

"பதினொரு மணிக்கு..."

"பதினொரு மணிக்கு அவர் உயிரோட இருந்திருந்தா கம்பெனி செல்லும். உங்க வீடு தப்பிச்சுது. அதுக்கு முன்னாடியே போயிருந்தார்னா, செத்தவர் பேர்ல கம்பெனி கிடையாது. பழைய பார்ட்னர்ஷிப்தான். மிச்சம் இருக்கிற பார்ட்னர் நீங்க ஒருத்தர்தான்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ஒரு மணி நேரம் முன்ன பின்ன இருக்கலாம்கிறார். வாட்ச்மேன் ஒம்போது மணிக்குப் பாத்ததுதான் கடைசி. அதுக்கப்புறம் அவரை உயிரோட பாத்தவங்க யாராவது இருந்தா..." ஆடிட்டர் பெருமூச்சு விட்டார். "காலி பில்டிங்ல யார் இருந்திருக்கப் போறாங்க? விடுங்க. வீட்டை ஒழிச்சு வெச்சுக்குங்க."

மாப்பிள்ளையின் மூளை தாறுமாறாக ஓடியது.

அங்கே இருந்தேன் என்று சொன்னால் என்ன? பார்த்தேன், பேசினேன், வந்துவிட்டேன்... அது குற்றமா? போலீசில் கடையை விட்டு நகரவில்லை என்று சொன்னது ஒரு சின்னப் பொய். பயத்தில் சொன்னேன் என்றால் தீர்ந்தது. தள்ளியதைப் பார்த்தவர் யார்? சுவரா?

"மேடம்!"

"என்ன?"

"நான் பாத்தேன்! பதினொரு மணிக்கு மேல பாத்தேன்! உயிரோட இருந்தார்!"

ஆடிட்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல சார். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணும்."

"கூப்பிடுங்க! இப்பவே கூப்பிடுங்க!"

* * *

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஃபோனை வைத்த சூடு ஆறுவதற்குள் வந்துவிட்டார். இவ்வளவு பக்கத்தில் எங்கே இருந்தார் என்று யோசிக்கிற நிலைமையில் மாப்பிள்ளை இல்லை.

"கடையை விட்டு நகரலைன்னீங்களே?"

"பயந்துட்டேன் சார். போலீஸ்னா ஒரு பயம்... பின்பக்கமா போனேன். ஒரு கையெழுத்து வாங்கணும்னு."

"எந்த மாடி?"

"அஞ்சாவது."

"மணி?"

"பதினொண்ணுக்கு மேல சார்."

"மேலன்னா? ஒரு நிமிஷம் மேலயா? கடிகாரம் தப்புன்னு எதிர்க்கட்சி வக்கீல் ஊதித் தள்ளிடுவானே..."

"அஞ்சு நிமிஷம் இருக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் ஆடிட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு போதுமா மேடம்?"

"கொஞ்சம் இழுபறிதான்," என்றார் ஆடிட்டர்.

"பத்து!" மாப்பிள்ளை கூவினான். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது அது. "பதினொண்ணு பத்து சார்! என் ஃபோன்லயே மணி பாத்தேன். அப்பவும் என்கூடப் பேசிட்டிருந்தார். சத்தியமா சார்!"

அவன் வாழ்க்கையில் அந்த வாரம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"என்ன பேசினார்?"

"கதவைப் பிடிக்கச் சொன்னார்."

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்... கொஞ்ச நேரம். அப்புறம் வந்துட்டேன்."

"எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க."

கொடுத்தான். எழுத்து கோணல்மாணலாக வந்தாலும் '11.10' மட்டும் குண்டு குண்டாக, அழகாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு லிஃப்ட் மெக்கானிக்கை விசாரிச்சேன் மாப்பிள்ளை. அந்தக் கதவு தானா மூடிக்குமாம். தனியா எட்டிப் பாக்கணும்னா, முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வெச்சிருப்பாங்களாம். உங்க மச்சானோட கட்டை பையை விட்டு வெளியவே வரல. அப்ப யாரோ கதவைப் பிடிச்சிருக்கணும்... யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."



"நான்... அப்புறம் வந்துட்டேனே சார்..."

"எதிர் பில்டிங்ல ஒரு பெயிண்டர் கயித்துல தொங்கிட்டிருந்தார். அலறல் கேட்டிருக்கு. உடனே மேஸ்திரிக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கார். மேஸ்திரி, உன் வேலையைப் பாருன்னு திட்டியிருக்கார். அந்த ஃபோன்ல நேரம் இருக்கு. பதினொண்ணு பத்து!"

மாப்பிள்ளை வாசல் பக்கம் பார்த்தான்.

"மச்சான் அலறறப்போ நீங்க பக்கத்துல நிக்கறீங்க. கையில கதவு. யாரையும் கூப்பிடல. கீழ ஓடல. கடைக்குப் போய் ஃபோன் வரட்டும்னு உக்காந்துட்டீங்க. உங்க கையெழுத்துலயே இருக்கு."

"மேடம்!" மாப்பிள்ளை ஆடிட்டரைப் பார்த்துக் கதறினான். "வீடு... வீடாவது தப்பிச்சுதா மேடம்? சொல்லுங்க! பதினொரு மணிக்கு அவர் உயிரோடதானே இருந்தார்!"

ஆடிட்டரின் குரலில் இப்போது கத்தி இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"பதினொரு மணிக்கு ஒண்ணுமே இல்ல சார். அது இன்ஸ்பெக்டர் சார் யோசனை."

"என்ன?"

"கடை கம்பெனியாகி ரொம்ப நாளாச்சு. அந்த லிஃப்ட் விழறதுக்கு முன்னாடியே! நீங்க வீடு கட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே மச்சான் சார் இங்க வந்தார். 'தங்கச்சி வீடு கட்டறா மேடம். என் தொழில்ல நாளைக்கு ஏதாவது ஆனா அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. கம்பெனியா மாத்துங்க, மாப்பிள்ளையைப் பார்ட்னர்லேருந்து எடுத்துடுங்க. சம்பளம், லாபம் எல்லாம் பழையபடி பாதி கொடுத்துடறேன்'னார். நஷ்டத்துக்குத்தான் உங்களை விட்டுட்டார் சார். லாபத்துக்கு இல்ல."

"எனக்கு... எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்களே கையெழுத்து போட்டீங்க. இதே நாற்காலியில! டைல்ஸ்காரரோட ஃபோன்ல சண்டை போட்டுக்கிட்டே நாலு இடத்துல போட்டீங்க. நான் விளக்க வந்தேன். மச்சான் சார்தான் கண்ணைக் காட்டினார். 'பார்ட்னர் பட்டத்தைப் பிடுங்கிட்டேன்னு மாப்ள மனசு சங்கடப்படுவான். போர்டு அப்படியே இருக்கட்டும், மெதுவா நானே சொல்லிக்கறேன்'னார்."

மாப்பிள்ளை தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தான். 

"அந்தக் கேஸ் கம்பெனியோட நின்னு போற கேஸ். உங்க வீட்டுப் பக்கம் அது எட்டிக்கூடப் பாத்திருக்காது. என்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா..."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் சம்சாரத்துக்கு..." மாப்பிள்ளை முனகினான். "அவளுக்குத் தெரியுமா?"

"கீழ வேன்ல உக்காந்திருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நான்தான் கூட்டிட்டு வந்தேன். உங்களைப் பாக்க வேண்டாம்னுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னாங்க... அண்ணன் கடைசியா யாரைக் கூப்பிட்டார்னு."

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவன்தான். அதைச் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. இனி எந்த நாளிலும் வரப்போவதும் இல்லை.

விலங்கு மாட்டினார்கள்.

வாசல் வரை போனவன் சட்டென்று நின்றான். மூழ்குகிறவனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே!

"சார்! அந்தத் தரகர்... அவர்தான் சார் சொன்னார்! ஒருத்தர் போயிட்டா எல்லாம் தீந்துடும்னு! அவர் சொல்லலைன்னா நான் மாடியே ஏறியிருக்கமாட்டேன். இதுல அவருக்கும் பங்கு இருக்கு சார்... பாதி பங்கு!"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டுப் படிக்கட்டைப் பார்த்துத் திருப்பினார்.

"தரகரை நான் விசாரிச்சுட்டேன். அவர் வாயால பேசினார், அவ்வளவுதான். கை உங்களுது. இந்தத் தொழில்ல நீங்க தனி முதலாளி மாப்பிள்ளை... நடங்க, பங்கு கேட்டு யாரும் வரமாட்டாங்க!"